அடுத்த வீட்டு நாயும் ஐம்பது ரூபாய் அபராதமும்

2025-இல் நாடே தெருநாய்களைப் பற்றித்தான் பேசியது. ஆகஸ்ட் 11 அன்று, டெல்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோய் கண்டவை, ஆக்ரோஷமானவை தவிர மற்ற நாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. இரண்டு தரப்பிலும் கோபம், கண்ணீர், பேரணி. அத்தனை வாதத்திலும் ஒரு நாய் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. அது உரிமையாளர் உள்ள நாய். வீடு இருந்தும் கவனிப்பு இல்லாத நாய். தெருநாய்க்குச் சோறு வைக்க ஆள் உண்டு, வைக்காதே என்று சண்டை போடவும் ஆள் உண்டு. சுற்றுச்சுவருக்கு உள்ளே கட்டிக்கிடக்கும் நாயைப் பற்றிக் கவலைப்பட அநேகமாக ஒரே ஒருவர்தான் இருக்கிறார்: அடுத்த வீட்டுக்காரர்.

அவர் பார்ப்பது பெரிய கொடுமைக் காட்சி எதுவும் இல்லை. அடி இல்லை, ரத்தம் இல்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் காலில் ஒரு சங்கிலி. நீளம் ஐந்தடி இருக்கும். காலையில் தொட்டியின் நிழல் நாயின் மேல் விழும். பதினொரு மணிக்கு நிழல் நகர்ந்துவிடும், சங்கிலி நகராது. அலுமினியக் கிண்ணம் காலையிலேயே கவிழ்ந்து கிடக்கும். அதை நிமிர்த்தி வைக்க ஆள் மேலே வருவது மாலையில் துணி எடுக்கும்போதுதான். சுவரோரம் நாய் போய்த் திரும்பும் இடம் அரைவட்டமாகத் தேய்ந்து கறுத்திருக்கும். காது மடலுக்குள் கொத்துக்கொத்தாக உண்ணி. கழுத்துப்பட்டை குட்டியாக இருந்தபோது கட்டியது. இப்போது அது ரோமத்துக்குள் புதைந்திருக்கும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது, இரைக்க இரைக்க உடம்பின் நீரை இழக்கிறது. 20 கிலோ எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளிலேயே சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். சித்திரை வெயிலில், காங்கிரீட் தளத்தின் மேல், கவிழ்ந்த கிண்ணத்தோடு அது பகல் முழுக்க எப்படி இருக்கும் என்று சொல்லப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. இந்த நிலையில் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்ற குளிர்நாட்டு இனங்களையும் வாங்கி வளர்க்கிறார்கள் என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

பார்க்கிறவர் என்ன செய்கிறார்? பெரும்பாலும் எதுவும் செய்வதில்லை. ‘அவங்க நாய், அவங்க பாடு’, ‘நமக்கேன் வம்பு’ என்று வீட்டில் உள்ளவர்களே அவரை அடக்கிவிடுகிறார்கள். நாள் முழுதும் முகம் பார்த்துப் பழக வேண்டிய இடம். ஒரு வார்த்தை தவறாகப் போனால் வண்டி நிறுத்துவதிலிருந்து குப்பை போடுவதுவரை எல்லாவற்றிலும் பகை வரும். எனவே ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நம் சட்டமும் நிர்வாகமும் அந்த அண்டைவீட்டாருக்கு இரண்டே வழிகளைத்தான் விட்டிருக்கின்றன: ஒன்று சும்மா இருப்பது, மற்றொன்று அடுத்த வீட்டுக்காரர் மேல் குற்ற வழக்குக்கு முயல்வது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு படி இல்லை. அந்த நடுப்படியை உருவாக்காதவரை, சங்கிலியில் கிடக்கும் நாய்களுக்கு எந்தச் சட்டத்தாலும் பயன் இராது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. நல்ல சட்டமாகவே இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலனுக்கு நியாயமான எல்லா ஏற்பாடுகளையும் செய்ய வேண்டும் என்கிறது. 11-ஆவது பிரிவு இன்னும் நுணுக்கமானது. நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பது குற்றம். போதிய உணவும் தண்ணீரும் ஒதுங்க இடமும் தராதது குற்றம். நாய்க்கென்றே தனியாக ஓர் உட்பிரிவும் உண்டு: வழக்கமாகக் கட்டிப்போட்டோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு உரிமையாளர் நியாயமான உடற்பயிற்சி கொடுக்காமல் விட்டால் அதுவும் குற்றம். நாயை நடத்திக் கூட்டிப்போவது உரிமையாளரின் ஆசையைப் பொறுத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அது சட்டக் கடமை. ‘வாயில்லா ஜீவன்’ என்று பேசும் பலருக்கும் இந்த உட்பிரிவு இருப்பதே தெரியாது.

இந்தச் சட்டத்தின் வேர் தமிழ் மண்ணில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மதுரையில் பிறந்து, கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி தந்ததால் அதைத் திரும்பப் பெற்றார். அந்த உறுதியின் விளைவுதான் 1960 சட்டம். அதன்கீழ் 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகமும் நெடுங்காலம் சென்னையில்தான் இருந்தது. அவர் போராடிப் பெற்ற சட்டத்தை நாம் வைத்திருக்கும் நிலை வேதனையானது. 11-ஆவது பிரிவின்படி முதல் குற்றத்துக்கு அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். மூன்றாண்டுக்குள் மீண்டும் செய்தால் 25 முதல் 100 ரூபாய்வரை, அல்லது மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். 1960-இல் 50 ரூபாய்க்கு மதிப்பு இருந்தது. இன்றைக்கு அது ஒரு சாப்பாட்டுக்குக் காணாது.

தொகையைவிடப் பெரிய தடை நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சட்டத்தின்கீழ் போலீஸ் தானாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றங்கள் மிகச் சில; விலங்கின் உறுப்பைச் சிதைப்பது, அதைக் கொடூரமாகக் கொல்வது போன்றவையே அவை. கட்டிப்போடுவதும் தண்ணீர் வைக்காததும் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே காவல் நிலையத்துக்குப் போகும் அண்டைவீட்டாரின் புகாரைக் குறித்துக்கொண்டு, நீதித்துறை நடுவரிடம் போகச் சொல்வதுதான் போலீஸால் முடிந்தது. நடுவரின் உத்தரவு இல்லாமல் அவர்களால் விசாரணை செய்ய இயலாது. குற்றம் நடந்து மூன்று மாதங்களுக்குள் வழக்குத் தொடரப்பட வேண்டும் என்ற காலவரம்பும் உண்டு. ஒரு கிண்ணம் தண்ணீருக்காக யார் வேலையை விட்டு நீதிமன்றம் ஏறுவார்? 2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், பசி, வலி, அச்சம் போன்றவற்றிலிருந்து விடுபட்டிருத்தல் என்னும் விலங்குகளுக்கான ஐந்து சுதந்திரங்களைச் சட்டத்தின் 3, 11 பிரிவுகளோடு இணைத்துப் படித்தது. தண்டனைகளைக் கடுமையாக்கும்படியும் நாடாளுமன்றத்துக்குச் சொன்னது. ஜல்லிக்கட்டைப் பொறுத்தவரை பின்னர் சட்டமும் தீர்ப்பும் மாறின. அபராதத் தொகை மட்டும் மாறவில்லை. 2022 நவம்பரில் ஒன்றிய அரசு ஒரு திருத்த வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது, அதுவும் சட்டமாகவில்லை.

‘நாட்டில் மனிதர்களுக்கே ஆயிரம் கஷ்டம், இதில் நாய்க்குச் சங்கிலி நீளம் போதவில்லை என்று பேச வேண்டுமா’ என்ற கேள்வி எழும். நாயின் துன்பமே போதிய காரணம் என்பது என் நிலை. அதை ஏற்காதவர்களுக்கும் கவலைப்படக் காரணம் உண்டு. அமெரிக்காவின் டென்வர் நகரில், 1991-இல் வெளியாட்களைக் கடித்த நாய்களையும், அதே பகுதிகளில் அப்படிக் கடித்திராத நாய்களையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வு 1994-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. வீட்டு வளாகத்தில் சங்கிலியில் கட்டப்பட்ட நாய்கள் கடித்த நாய்களின் பிரிவில் இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 2.8 மடங்கு என்று அது கணக்கிட்டது. அந்த ஆய்வு எடுத்துக்கொண்டது வீட்டாருக்கு நேர்ந்த கடியை அல்ல, வெளியாருக்கு நேர்ந்த கடியை. அதாவது அண்டைவீட்டுக் குழந்தை, பால்காரர், மின்கணக்கு எடுப்பவர் போன்றோருக்கு நேர்வது. கடிக்கிற நாயைத்தானே கட்டுவார்கள், கட்டியதால் கடித்தது என்று எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. இத்தகைய ஆய்வு தொடர்பைத்தான் காட்டும், காரணத்தை நிறுவாது. ஆனாலும் நாயின் இயல்பு தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. குட்டி பிறந்து மூன்றாவது வாரம் முதல் சுமார் பதினான்காவது வாரம்வரை மனிதர்களையும் ஓசைகளையும் பழகிக்கொள்ளும் பருவம். அந்தப் பருவத்தில் மாடியேறிவிட்ட நாய்க்குப் புதிய ஆள் எல்லாருமே அச்சம். அச்சம் வந்தால் மற்ற விலங்கு ஓடிவிடும். சங்கிலியில் இருப்பதால் இது ஓட முடியாது, எதிர்க்கத்தான் முடியும். அந்தச் சங்கிலி ஒருநாள் அறுந்தால் என்ன ஆகும் என்று அடுத்த வீட்டுக்காரர் பயப்படுவதில் தவறில்லை.

2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அந்த நாய்கள் கட்டிப்போடப்பட்டவை அல்ல; கட்டில்லாமல் வெளியே விடப்பட்டவை. ஆனால் அதற்குப் பிறகு நடந்த விவாதம் கவனிக்கத்தக்கது. எந்த இனத்தைத் தடை செய்யலாம் என்பதே எல்லார் வாயிலும் இருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி ஒன்றிய அரசு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அதை ரத்து செய்தன. இனத்தைப் பற்றி இவ்வளவு பேசிய நாம் வளர்ப்பைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு நாய் என்ன இனம் என்பதைவிட அது எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதே அக்கம்பக்கத்துக்கு முக்கியம். தடுப்பூசி போடாத நாய் ஆட்டோ ஓட்டுநர் வீட்டில் இருந்தாலும் அதிகாரி வீட்டில் இருந்தாலும் வெறிநோய் ஆபத்து ஒன்றுதான். அறிகுறி தெரிந்த பிறகு அநேகமாகப் பிழைக்க வழியில்லாத நோய் அது. உண்ணி மதில் தாண்டும். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீரிலும் வரும். சரியாகப் பராமரிக்கப்படாத நாய் எந்த வகையில் பார்த்தாலும் ஒரு வீட்டோடு முடிகிற விஷயமில்லை.

காவலுக்காக வளர்ப்பவர்கள் ஒரு காரணம் சொல்வார்கள்: பகலெல்லாம் கட்டிப்போட்டால்தான் இரவில் கடுமையாக இருக்கும். இது ஊர் முழுக்கப் பரவிய நம்பிக்கை, ஆனால் நடப்பைப் பார்த்தால் நிற்காது. ஓயாமல் கட்டுண்ட நாய் பல்லிக்கும் குரைக்கும், பக்கத்து வீட்டு குக்கர் விசிலுக்கும் குரைக்கும். கொஞ்ச நாளில் அதன் குரைப்பை அந்த வீட்டாரே காதில் வாங்குவதில்லை. உண்மையில் ஆள் வரும்போது குரைத்தாலும் யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள். தோட்டத்தையும் ஆட்டுப்பட்டியையும் காத்த கோம்பையும், வேட்டைக்கு ஓடிய சிப்பிப்பாறையும் கன்னியும் மனிதரோடு அலைந்து பழகி, யார் வேண்டியவர், யார் வேற்றாள் என்று பிரித்தறிந்த நாய்கள். அந்த அறிவு சங்கிலியில் வராது.

அடுத்த வாதம் வறுமை பற்றியது. எல்லாரும் நாய்க்குத் தனித் தீனி வாங்க முடியுமா, வீட்டில் மிஞ்சியதைத்தானே போட முடியும் என்பார்கள். இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனென்றால் விலங்கு நலம் பேசுகிறவர்களில் ஒரு சாரார் ஏழை வீட்டு நாயைப் பார்த்த உடனே உரிமையாளரைக் குற்றவாளியாக்கிவிடுகிறார்கள். ஆனால் நாய்க்கு இன்றியமையாதவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை. கவிழாத மண்சட்டியில் தண்ணீர், ஓர் ஓலைத் தடுக்கோ தகரமோ போட்ட நிழல், நீளமான கயிறு, காலையும் மாலையும் அரைமணி நேர நடை. மிஞ்சிய சோற்றோடு ஒரு முட்டையோ கொஞ்சம் மீனோ கறியோ கிடைத்தால் நாட்டு நாய் தெம்பாகவே இருக்கும். குடிசை வாசலில் கட்டில்லாமல் குழந்தைகளோடு படுத்திருக்கும் நாய்களைப் பார்த்தால், மாடிவீட்டு பால்கனியில் தனியே நின்று தன் வாலையே துரத்திச் சுற்றும் விலைகூடிய நாயைவிட அவை நல்ல நிலையில் இருப்பது தெரியும். கவனிப்புக் குறைவுக்குப் பணமின்மை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. குழந்தை அடம்பிடித்ததால் வாங்கி, அது கல்லூரிக்குப் போனதும் மாடிக்கு ஏற்றப்பட்ட நாய்களும் இருக்கின்றன. வளர்த்தவர் படுக்கையில் விழுந்ததால் கைவிடப்பட்டவையும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே தண்டனையால் அளக்க முடியாது. நடுவில் ஒரு படி வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தப் படி எப்படி இருக்கும் என்பதற்கு இங்கிலாந்து, வேல்ஸின் 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் ஒரு முன்மாதிரி. விலங்கு துன்பப்பட்டுச் சாகும்வரை காத்திருக்காமல், அதன் தேவைகளை நிறைவேற்றுவதையே உரிமையாளரின் கடமையாக அந்தச் சட்டம் வைத்தது: தகுந்த இடம், தகுந்த உணவு, இயல்பாக நடந்துகொள்ள வாய்ப்பு, நோய் நொடியிலிருந்து பாதுகாப்பு. கடமை தவறுகிறது என்று கருதும் ஆய்வாளர், வழக்குக்கு முன் ஒரு மேம்பாட்டு அறிவிப்பைக் கொடுக்கலாம். என்ன குறை, அதைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கெடு முடியும்வரை அதே குறைக்காக வழக்கு இல்லை. குறை சரியானால் விஷயம் அங்கேயே முடிகிறது. உரிமையாளருக்கு அவமானம் இல்லை, அடுத்த வீட்டுக்காரருக்கு நீதிமன்ற அலைச்சல் இல்லை, நாய்க்கு வீடு மாறும் துன்பமும் இல்லை.

இதைத் தமிழ்நாட்டில் செய்ய நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கருவி ஏற்கெனவே உள்ளாட்சியின் கையில் இருக்கிறது. சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப்பையும் உரிமத்தையும் கட்டாயமாக்கியது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. நல்ல தொடக்கம். ஆனால் அந்த உரிமம் கேட்பது தடுப்பூசிச் சான்றைத்தான். நாய் எங்கே கட்டப்படுகிறது, நிழல் உண்டா, நாளில் எத்தனை மணி நேரம் சங்கிலியில் இருக்கிறது, வெளியே நடத்தப்படுகிறதா என்று அது கேட்பதில்லை. காகிதம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய், தண்ணீர் இல்லாவிட்டால் 50 ரூபாய் என்று இருந்தால் அதிகாரியின் அக்கறை காகிதத்தின் மேல்தான் இருக்கும். அவரைக் குறைசொல்ல முடியாது. உரிம நிபந்தனைகளில் பராமரிப்பையும் சேர்க்க வேண்டும். புகார் வந்தால் மாநகராட்சிக் கால்நடை உதவி மருத்துவரோ பயிற்சி பெற்ற சுகாதார ஆய்வாளரோ நேரில் போய்ப் பார்த்து, குறையை எழுதிக்கொடுத்து, இரண்டு வாரமோ மூன்று வாரமோ கெடு வைத்து, திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். மூன்றாவது முறையும் அப்படியே இருந்தால் உரிமம் ரத்து, நடுவரிடம் வழக்கு. அப்போது வழக்கைக் கொண்டுபோவது ஆவணத்தோடு வரும் அரசு அலுவலர். பயந்த அண்டைவீட்டார் அல்லர். ஊராட்சிகளுக்கு இந்த அமைப்பு உடனே சாத்தியமில்லை என்றாலும், ஒன்றியங்கள்தோறும் உள்ள அரசு கால்நடை மருந்தகங்களைக் கொண்டு அங்கேயும் தொடங்கலாம்.

இப்படி ஒரு வழி திறந்தால் நாய் பிடிக்காதவர்கள் அதைப் பழிவாங்கப் பயன்படுத்துவார்கள் என்ற அச்சம் பொய்யல்ல. வாடகைக்கு இருப்பவரை வெளியேற்றவும், சங்கத் தேர்தல் பகையைத் தீர்க்கவும் நாய்ப் புகார் பயன்படுகிறது. குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்ப்பைத் தடை செய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டும் இந்தத் தொல்லை ஓயவில்லை. ஆனால் பொய்ப் புகாருக்கு நல்ல மருந்தே நேரடி ஆய்வுதான். நன்றாக வைத்திருக்கும் நாயைப் பார்த்து, ‘குறை ஒன்றும் இல்லை’ என்று அலுவலர் எழுதிக் கையெழுத்திட்டால் உரிமையாளருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு எது? இன்று அவரைக் காப்பாற்ற எந்தக் காகிதமும் இல்லை. புகார் ‘நாய் குரைக்கிறது’ என்று இருந்தாலும் ஆய்வாளர் கேட்க வேண்டியது ‘ஏன் குரைக்கிறது’ என்பதைத்தான். பல இடங்களில், நாயைத் தொந்தரவாக நினைப்பவரும் நாய்க்காக வருந்துபவரும் கேட்பது ஒன்றாகவே இருப்பது அப்போது தெரியவரும்.

அதுவரை அண்டைவீட்டார் சும்மாதான் இருக்க வேண்டுமா? வேண்டாம். முதலில் பேச வேண்டும். குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம். ‘இப்படி வைத்திருக்கிறீர்களே’ என்று தொடங்கினால் கதவு மூடிக்கொள்ளும். ‘பகல்ல நான் வீட்ல சும்மாதான் இருக்கேன், தண்ணி மட்டும் ஊத்தி வைக்கட்டுமா’ என்று கேட்டால், மறுப்பவர்கள் குறைவு. தடுப்பூசி முகாம் நடக்கும் நாளைச் சொல்வதும், ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்கிறேன் என்பதும் பயன் தரும். உரிமையாளருக்குத் தெரியாமல் சோறு எறிவதும், இரவில் சங்கிலியை அவிழ்த்துவிடுவதும் கூடாது. முதலாவதில் நாய்க்கு நோய் வரலாம். இரண்டாவதில் அது சாலையில் அடிபடலாம், யாரையாவது கடிக்கலாம். பேசியும் மாறவில்லை என்றால் மாநகராட்சிக்கும், மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் எழுத்தில் புகார் தர வேண்டும். 2001-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் இத்தகைய சங்கம் இருக்க வேண்டும். நாயின் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில், காவலர் நிலைக்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரி விலங்கைக் கைப்பற்றி மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப 34-ஆவது பிரிவு இடம் தருகிறது. அந்தப் பிரிவைப் புகாரிலேயே எழுதிக்கொடுத்தால் காவல் நிலையத்தில் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கைப்பற்றினால் நாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் எல்லாக் கூட்டங்களிலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி. காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன. அங்கே அடைபடுவது சங்கிலியைவிட நல்ல வாழ்க்கை என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் அறிவிப்பு கொடுத்துத் திருத்தும் முறையில் பெரும்பாலான நாய்கள் அதே வீட்டில்தான் இருக்கும். சங்கிலிக்குப் பதில் கம்பியில் ஓடும் நீளக் கயிறு வரும், தகரக் கூரை வரும், உண்ணிக்கு மருந்து வரும். மீதமிருப்பது, உண்மையிலேயே வளர்க்க முடியாமல் போனவர்கள். தனியே வாழும் முதியவர், மருத்துவமனையில் கிடப்பவர், வேலை போய் ஊர் மாறுபவர். நாயைத் தெருவில் விடுவது அதே 11-ஆவது பிரிவில் குற்றம். ஒப்படைக்கவோ ஓர் இடம் இல்லை. அதனால்தான் இரவோடு இரவாக நெடுஞ்சாலை ஓரத்திலும் கோயில் வாசலிலும் பெல்ட்டோடு நாய்கள் இறக்கிவிடப்படுகின்றன. மண்டலத்துக்கு ஓர் ஒப்படைப்பு மையம், தண்டனை இல்லை என்ற உறுதி, வேறு வீடு தேடித்தரும் ஒரு பட்டியல், அதுவரை பார்த்துக்கொள்ள முன்வரும் தன்னார்வலர்களுக்குத் தீனிச் செலவு: உரிமக் கட்டணத்தையும் அபராதத்தையும் தனிக் கணக்கில் வைத்தால் மாநகராட்சி இதைத் தொடங்கலாம். வரும் கோடைக்குள் ஒரு மண்டலத்திலாவது தொடங்க வேண்டும்.